கைமாறிய பனிவண்டி

பனியைக் கண்ணாற் காணாத ஊரிற் பிறந்த ஒருவன், பழைய பனிவண்டியொன்றைத் தெரிந்தெடுத்த கதையை எழுதப் புகுந்தால் வாசகர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஒருவன் பல ஆண்டு பாவித்துத் தேய்த்த பொருள் இன்னொருவன் கைக்கு மாறும் வேளையிலே, விற்பவனின் வாய் ஒன்றைச் சொல்லப் பொருள் வேறொன்றைச் சொல்லும். கிளிநொச்சியிற் பழைய உழவு இயந்திரம் பார்க்கப் போனாலும் இந்தக் கதைதான். கனடாவின் மேற்கு மலைகளிற் பனிவண்டி பார்க்கப் போனாலும் இந்தக் கதைதான். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. உழவு இயந்திரம் வயலில் நின்றுவிட்டால் வரம்பேறி வீட்டுக்கு நடந்து வரலாம். ஆளை மார்பளவுக்கு விழுங்கும் மலைப்பனியிலே நின்றுவிட்ட வண்டியை விட்டு நடந்து வர இயலாது.

2024 ஆம் ஆண்டு பங்குனி மாதம், விடுப்பெடுத்துக்கொண்டு, பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலுள்ள றெவல்ஸ்ரோக் நகரிலே என் மைத்துனருடன் மூன்று வாரம் தங்கினேன். எண்ணாயிரம் பேரளவில் வாழும் சிறு நகரம் அது. கொலம்பியா ஆறு அதனருகே ஓடுகிறது. கிழக்கே செல்கேர்க் மலைகள். மேற்கே மொனாஷி மலைகள். நகரின் நடுவே புகையிரதப் பாதை செல்கிறது. அந்நகரத்துக்கு அயலிலுள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 பனிக்காலத்தில் மொத்தம் 2,447 சதமமீற்றர் பனி பெய்ததாகப் பதிவுண்டு. கனடாவிலே ஒரு பருவத்திற் பெய்த பனிக்கு அதுவே உச்சக் கணக்கு. நெட்டைத் தென்னையொன்றின் உச்சியை மனத்தில் எண்ணிக்கொண்டால் அந்த அளவு விளங்கும்.

என் மைத்துனர் அந்நகரிலே ஒரு விடுதியின் சமையலறையில் பதினொரு ஆண்டாக வேலை செய்கிறார். பனிக்காலம் வந்தால் அயல் மாகாணமாகிய அல்பேட்டாவிலிருந்து பெரிய பிக்கப் வண்டிகளிற் பனிவண்டிகளை ஏற்றிக்கொண்டு மனிதர் வந்து நிறைவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்களுக்கு முட்டையும் இறைச்சியும் பொரித்துக் கொடுப்பவர் இவர். மாலையில் முகம் சிவந்து, பசித்து, அன்றைய நாளைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டு அவர்கள் திரும்பும்போது சூப்பும் றொட்டியும் வைப்பவரும் இவரே. பதினொரு பனிக்காலம் இப்படிக் கழிந்தது. அந்த மலைகளின் மேற்புறம் எப்படியிருக்கும் என்பதை அவர் ஒருதரமேனும் கண்டதில்லை. வாரத்திற் செவ்வாய்க்கிழமை மட்டும் அவருக்கு ஓய்வு. அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக ஒரு பழைய பனிவண்டி வாங்க வேண்டுமென்று நான்கு ஆண்டாகக் காசு சேர்த்து வைத்திருந்தார். எண்ணாயிரம் டொலர்.

ரொறொன்ரோவிலிருக்கும் எங்கள் மாமா இதைக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் வந்தார். "வீட்டுக்குக் கட்டவேண்டிய காசைப் பனிக்குள்ள கொண்டுபோய்க் கொட்டப் போறியளோ? உது வெள்ளைக்காரப் பணக்காரற்றை விளையாட்டடா. சமையற்காரனுக்கு உது ஏன்?" என்றார். மாமா கெட்டவரல்லர். இரண்டு வேலை செய்து மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்தவர். எனினும் அவருடைய சொற்களிலே, உழைப்பவனுக்கு உழைப்பு மட்டுமே உரியது, மலையும் விளையாட்டும் காசுள்ளவனுக்கு உரியவை என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. இத்தீர்ப்பை நம்மவர் தம் வாயாலேயே தமக்கு வழங்கிக்கொள்வது எனக்குச் சம்மதமன்று. பிறர் ஓய்வை உண்டாக்கிக் கொடுப்பதற்காகத் தன் ஓய்வை விற்பவன், எஞ்சிய ஒரு நாளைத் தான் விரும்பியபடி செலவிட உரிமையுள்ளவன். மைத்துனர் மாமாவோடு வாதாடவில்லை. "சரி மாமா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, பழைய வண்டிகளின் விளம்பரங்களை மறுபடி பார்க்கத் தொடங்கினார்.

ஸ்னோமொபைல் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இவ்வண்டியின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். முன்னே இரண்டு சறுக்கிகள். கைபிடியைத் திருப்பினால் அவை திரும்பும். பின்னே சில்லுக்குப் பதிலாக அகன்ற இறப்பர்ப் பட்டையொன்று வளையமாகச் சுழலும். சமதரைப் பாதைகளில் ஓடும் வண்டியும் மலைவண்டியும் பார்வைக்கு உடன்பிறந்தவை போல இருப்பினும் தொழிலில் வேறானவை. பாதைவண்டியின் பட்டை நீளம் 120 முதல் 137 அங்குலம் வரை. மலைவண்டிக்கு அது 146 முதல் 165 அங்குலத்தையும் தாண்டும். பட்டையின் மேலே துடுப்புகள் போலப் பற்கள் நிற்கும். மலைவண்டியில் அவற்றின் உயரம் இரண்டரை, மூன்று அங்குலம். நீண்ட பட்டை பாரத்தைப் பரப்பி வண்டியைப் பனியின்மேல் மிதக்க வைக்கிறது. துடுப்புகள் பனியைத் தோண்டித் தள்ளி மேலே ஏற்றுகின்றன. இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி மிதக்க, அதிலிருந்து இறங்கிய மனிதன் இடுப்புவரை புதைவான். முன் சறுக்கிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதும் காரணத்தோடுதான். சரிவிற் குறுக்காகச் செல்லும்போது ஓட்டுநர் வண்டியைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடிக்க அது வசதி. பெரும்பாலானவற்றின் எஞ்சின் இருவீச்சு எஞ்சின். 800 அல்லது 850 கன சதமமீற்றர். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால், ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் அளவில் எஞ்சினின் வலு குறையும். ஆகவே மலைவண்டி எஞ்சின் எப்பொழுதும் முழு மூச்சில் உழைக்கின்ற எஞ்சின். பழையதை வாங்குகிறவன் முதலில் உணரவேண்டியது இதுவே. காட்டுப் பாதையில் ஓடிய மூவாயிரம் கிலோமீற்றரும், ஆழ்பனியில் செங்குத்தாக ஏறிய மூவாயிரம் கிலோமீற்றரும் ஓட்டமானியில் ஒரே எண்ணாகவே தெரியும்.

இவ்வண்டியின் பிறப்பு விளையாட்டிலே நிகழ்ந்ததன்று. கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்னும் ஊரில் கராஜ் வைத்திருந்தவர் ஜோசப் அர்மண்ட் பொம்பாடியே. 1934 ஆம் ஆண்டுப் பனிக்காலத்திலே அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் வருந்தியபோது, பனி மூடிய பாதையூடாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமற் குழந்தை இறந்தது. அதற்கு முன்னரே பனிமேல் ஓடும் ஊர்திகளை முயன்று பார்த்துக்கொண்டிருந்த அம்மனிதர், பற்சில்லும் பட்டையும் கொண்ட அமைப்பு ஒன்றை உருவாக்கி 1937 இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் ஏறக்கூடிய அவருடைய ஊர்தி வைத்தியரையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தது. ஒருவர் இருவர் ஏறும் சிறிய வண்டி 1959 இல் 'ஸ்கிடூ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று கனடாவிற் பலர் எந்தக் கம்பெனியின் வண்டியையும் ஸ்கிடூ என்றே சொல்கின்றனர். 1964 இல் அவர் இறந்தார். அதன் பின்னர் வண்டி பெரும்பாலும் பொழுதுபோக்குச் சந்தையின் பொருளாகிவிட்டது. புதிய மலைவண்டியொன்றின் விலை இப்பொழுது இருபதினாயிரம் டொலரைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறது.

வாங்கும் வலுவுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே இவ்வண்டி என்ன செய்தது என்பதற்கு வட பின்லாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்கொல்ற் சாமி எனப்படும் பழங்குடி மக்கள், உலகப் போரிற் தம் நிலத்தை இழந்தபின் செவெத்தியார்வி என்னுமிடத்திற் குடியமர்த்தப்பட்டவர்கள். கலைமான் மேய்ப்பது அவர்கள் தொழில். 1960களின் தொடக்கத்திற் பனிவண்டி அங்கே வந்தது. கலைமான் இழுக்கும் சறுக்குவண்டியில் மூன்று நாள் எடுத்த கடைப் பயணம் ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. யார்தான் மறுப்பர்? சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் வண்டி நின்றது. ஆனால் வண்டிக்கும், பெற்றோலுக்கும், உதிரிப் பாகங்களுக்கும் ரொக்கக் காசு வேண்டும். அதற்கு மான்களை விற்கவேண்டும். இரைச்சலுக்கு மந்தைகள் வெருண்டன. பத்தாண்டுக்குள் குடும்பமொன்றுக்குச் சராசரி 52 ஆக இருந்த மான்கள் 12 ஆகக் குறைந்தன. பெரும்பாலானோர் மேய்ச்சலையே கைவிட்டனர். முதலிலேயே வண்டி வாங்கிச் சமாளித்த சிலர் பெரிய மந்தைக்காரராயினர். பேர்ற்றி பெல்ற்றோ என்ற மானிடவியலாளர் இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1973 இல் நூலாக வெளியிட்டார். இயந்திரத்தின்மேல் எனக்குப் பகையில்லை. அது வரும்போது யார் கடனாளியாகிறார், யார் முதலாளியாகிறார் என்று கணக்குப் பார்க்காத வியப்பே எனக்கு ஒவ்வாதது.

இனி எங்கள் தேடலுக்கு வருவேன். பங்குனி மாதம் வாங்குவோர் மாதம். பருவம் முடியும் தறுவாயில், இன்னொரு கோடை முழுவதும் வண்டியைக் கொட்டிலில் வைத்திருக்க விரும்பாதவர்களும், புதியதற்கு முற்பணம் கட்டியவர்களும், காசு முடைப்பட்டவர்களும் ஒருங்கே விற்க வருகிறார்கள், விலை இறங்கும். அதைவிடப் பெரிய வசதி, பனி இன்னும் இருப்பதால் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். ஆடி மாதத்தில் வாங்குகிறவன் எஞ்சினின் சத்தத்தை மட்டுமே வாங்குகிறான்.

முதலில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனோம். மூன்றாண்டு பழைய வண்டி, கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம், பதினாலாயிரம் டொலர். விற்பனையாளர் மிகவும் இனிமையான இளைஞர். எஞ்சினைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இரண்டு சொல்லில் மறுமொழி தந்தவர், மாதக் கட்டணத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். வாரத்துக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு ஒரு கோப்பிக் காசு என்று வகுத்துக்கொண்டே போனவர், ஆறு ஆண்டின் முடிவிற் கூட்டுத்தொகை என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. மைத்துனர் தம் பொக்கற்றிலிருந்த சமையலறைச் சிட்டையின் பின்புறத்திற் பெருக்கிப் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

இரண்டாவது வண்டி நகருக்கு வெளியே, ஒரு பெரிய வீட்டின் கராஜில் நின்றது. 2017 ஆம் ஆண்டு வண்டி. 163 அங்குலப் பட்டை. எஞ்சினுக்குப் பின்னாளில் ரேர்போ பூட்டியிருந்தார்கள். விலையோ ஏழாயிரம்தான். கழுவித் துடைத்துப் புதுமணப்பெண் போல நின்றது. மைத்துனர் அதன் அழகைப் பார்க்கவில்லை. நேரே போய் எஞ்சின் மூடியின் கீழே கையை நுழைத்தார்.

"மச்சான், கையை வைச்சுப் பார். சுடுது."

வாங்க வருகிறவனுக்குக் குளிர்ந்த எஞ்சினைக் காட்டவேண்டும் என்பது இந்த வாணிபத்தின் முதல் நாகரிகம். குளிரில் மூன்றாம் இழுவையில் மூச்சு வாங்கும் எஞ்சினா, பத்தாம் இழுவை வரை அடம்பிடிக்கும் எஞ்சினா என்பது அப்பொழுதுதான் தெரியும். நாங்கள் வருவதாகச் சொல்லியிருந்தும் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். மைத்துனர் ஒன்றும் பேசாமற் குனிந்து கீழே பார்த்தார். பட்டையை மூடி நிற்கும் அலுமினியக் கூட்டிலே ஒரு புறம் ஆணிகள் மங்கியிருக்க, மறுபுறம் ஆணிகள் மினுங்கின. மினுங்கிய ஆணிகளின்மேல் அகலமான புதிய ஸ்ரிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. எங்கோ பாறையில் அல்லது மரத்தில் மோதிக் கூடு வளைந்து நிமிர்த்தப்பட்டிருக்கிறது. வளைந்த கூட்டில் பட்டை நேராக ஓடாது. ஒரு பக்கமாகத் தின்னும். அந்தக் கூட்டுக்குள்ளேதான் எஞ்சின் சூட்டை ஆற்றும் தகடுகள் உள்ளன. பனி தெறித்து அவற்றைக் குளிரச் செய்யும். அடிபட்ட தகட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மலையுச்சியிற் தண்ணீர் ஒழுகி எஞ்சின் இறுகிவிடும். பிறர் பூட்டிய ரேர்போவோ தன்னளவிலேயே ஒரு சூதாட்டம். அதைப் பூட்டியவன் வலுவை விரும்பியவன்; அந்த வலுவை எத்தனைதரம் கடைசிவரை பிழிந்தான் என்பதை அவன் எழுதிவைக்கப் போவதில்லை.

வண்டியின் தொடர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அசையும் சொத்துகளுக்கான மாகாணப் பதிவேட்டிலே அன்றிரவு தேடினோம். சில டொலர் கட்டினால் எவரும் தேடலாம். வண்டியின்மேல் ஒரு கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. தீர்க்கப்படாத கடன் வண்டியைப் பின்தொடரும். காசு கொடுத்து வாங்கியவனின் வாசலில் வந்து கடன்காரன் வண்டியைக் கேட்பான். கடனாளி ஒருவன், வண்டி பறிபோகுமாறு வாங்குகிறவன் இன்னொருவன். புதியதை வாங்கும் செல்வருக்கு இப்படியொரு பதிவேடு இருப்பதே தெரியாது. இதனோடு இன்னுமொன்று: அம்மாகாணத்தில் 2015 கார்த்திகை முதலாம் திகதி தொடக்கம் அரச காணிகளில் ஓடும் பனிவண்டிகளுக்குப் பதிவு கட்டாயம். பதிவுப் பத்திரம் இல்லை, தொலைந்துவிட்டது, பிறகு தருகிறேன் என்று சொல்பவனிடம் வண்டியைத் தொட்டும் பார்க்கவேண்டியதில்லை.

மூன்றாவது வண்டிக்காரர் புகையிரதப் பகுதியிற் பாதை பராமரிக்கும் தொழிலாளி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் மலையேற வைத்தியர் தடை சொல்லிவிட்டார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். அம்மாத முடிவுக்குள் காசு வேண்டும். இவை எல்லாவற்றையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். வியாபாரம் அறிந்தவர் சொல்லத்தகாத விடயங்கள்! 2013 ஆம் ஆண்டுச் செய்த ஸ்கிடூ சம்மிற் வண்டி, 800 எஞ்சின், 154 அங்குலப் பட்டை, ஓட்டமானியில் 3,900 கிலோமீற்றர். கேட்ட விலை ஆறாயிரத்து ஐந்நூறு. வெளியே பனியில், எஞ்சின் கல்லைப்போற் குளிர்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுக்கும்படி மைத்துனரிடமே சொன்னார். இரண்டாம் இழுவையில் எஞ்சின் உயிர்த்தது.

என் மைத்துனருக்கு எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் காது சிறுவயதில் வந்தது. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் பொன்னாக இருந்த காலம். சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்த கராஜொன்றிலே அவர் எடுபிடியாக நின்றவர். மண்ணெண்ணெயிற் புகைந்து திணறும் எஞ்சின்களின் முனகலை இரண்டு ஆண்டு கேட்ட காது, நல்ல எஞ்சினின் பேச்சைத் தவறவிடுமா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

முதலில் அமுக்கம். பிளக்கைக் கழற்றி, இரவல் வாங்கி வந்த மானியைப் பூட்டி இழுத்தோம். ஒரு சிலிண்டர் 118, மற்றது 121. இங்கே எண்ணின் பெருமையைக் காட்டிலும் இரண்டின் ஒற்றுமையே முக்கியம். நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் வேற்றுமை இருந்தால், ஒரு பிஸ்ரன் களைத்துவிட்டது என்று அறியவேண்டும். அடுத்துப் பட்டை. வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டையைக் கையாற் சுழற்றி ஒவ்வொரு துடுப்பாகப் பார்த்தோம். ஓரங்கள் தேய்ந்திருந்தன, இரண்டு துடுப்புகளின் மூலை கிழிந்திருந்தது. உள்ளே ஓடும் நார்த்தண்டுகள் எங்கும் முறிந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்தப் பட்டை முடிந்தது. புதுப் பட்டை வாங்க ஆயிரம் டொலருக்கு மேல் வேண்டும். பட்டை வழுக்கிச் செல்லும் அடிப்பட்டைகள் தேய்ந்து வரம்புக் கோட்டைத் தொட்டிருந்தன. முன்சறுக்கிகளைத் தாங்கும் கைகளைக் குனிந்து நேர் பார்த்தோம், கோணல் இல்லை. சறுக்கியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமில்லை. சங்கிலிப் பெட்டியின் எண்ணெயைக் காகிதத்தில் ஊற்றி வெளிச்சத்திற் பிடித்தோம். உலோகத்தூள் மின்னினால் உள்ளே பல்லோ பெயறிங்கோ அரைபடுகிறது என்பது பொருள். மாவுபோல ஏதோ சிறிது தெரிந்தது. பதினொரு வயது வண்டிக்கு அது பொறுக்கத்தக்கதே. கிளச்சின் முகங்களை விரலால் தடவினோம். பெல்ற் ஓடும் இடத்தில் வழிபோலப் பள்ளம் விழுந்திருந்தால் வண்டி ஏற்றத்தில் வழுக்கும். அவ்வளவு பள்ளமில்லை. வலப்புறத்து அதிர்வுதாங்கியில் எண்ணெய்க் கசிவு இருந்தது.

நாங்கள் அதைக் கண்டுபிடிக்கும் முன்னரே அவர் அதைச் சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். பெல்ற் இன்னும் ஐம்பது மைலுக்கு மேல் தாங்காது, அடிப்பட்டைகள் மாற்றவேண்டும், அதிர்வுதாங்கி கசிகிறது என்று தாமே மூன்று விரல் மடக்கினார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு சிறு கொப்பியைக் கொண்டுவந்தார். எந்தத் திகதியில் எந்த எண்ணெய் மாற்றினார், எத்தனையாவது கிலோமீற்றரில் பிஸ்ரன்களைப் புதிதாக்கினார், எந்த மலையில் எந்தப் பெல்ற் அறுந்தது என்றெல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. வேலையிடத்திலே தண்டவாளத்தின் ஒவ்வொரு ஆணிக்கும் கணக்கு எழுதிப் பழகிய கை. மாணவரின் கொப்பிகளை ஆண்டுக்கணக்காகத் திருத்துகிறவன் நான். ஒரே நாளில் இருந்து எழுதிய கொப்பியையும் நாள்தோறும் எழுதிய கொப்பியையும் என் கண் வேறுபடுத்தும். பென்சில் கூர் மாறியிருந்தது. கையின் அவசரமும் நிதானமும் பக்கத்துக்குப் பக்கம் மாறியிருந்தன. மைத்துனரிடம் தலையசைத்தேன். அந்தத் தேடலில் என் பங்கு அவ்வளவே.

விலை பேசும் நேரத்தில் மாமாவின் தொலைபேசி வந்தது. நிலைமையைக் கேட்டுவிட்டு, "அவனுக்கு மாசக் கடைசிக்குள்ள காசு வேணுமெண்டா, ஐயாயிரம் எண்டு சொல்லிப்போட்டு நடவுங்கோ. பின்னால ஓடி வருவான்" என்றார். சந்தையின் கண்கொண்டு பார்த்தால் மாமா சொன்னது முற்றிலும் சரி. அம்மனிதர் ஓடித்தான் வந்திருப்பார்.

"மச்சான், என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன்.

"அவர் எல்லாத்தையும் உண்மையாச் சொல்லிப்போட்டார். அதுக்காக அவருக்குத் தண்டம் போடுறதோ?" என்றார்.

பெல்ற்றுக்கும் அடிப்பட்டைக்கும் அதிர்வுதாங்கிக்கும் ஆகும் செலவைக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலேயே இருவரும் சேர்ந்து கூட்டினார்கள். ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஐந்நூறாக வைத்துக் கழித்து ஆறாயிரத்துக்கு முடித்தார்கள். அவர் தம் பழைய உதிரிப் பெல்ற்றையும், வண்டியை மூடும் படங்கையும் மேலதிகமாகக் கொடுத்தார். பதிவுப் பத்திரம் கையில் இருந்தது. கடன் இல்லையென்று பதிவேடும் சொன்னது. இருவரும் நாட்சம்பளக்காரர். ஒருவனின் முடையை மற்றவன் இலாபமாக்கிக்கொள்ள வாய்ப்பிருந்தும், அது நிகழாமல் ஒரு வியாபாரம் முடிந்ததைப் பார்த்தேன். ஐயாயிரத்துக்கு வாங்கியிருந்தால் ஆயிரம் டொலர் மிச்சம் என்று மாமா இன்றும் சொல்வார். அவருடைய கணக்கில் அது பிழையில்லை.

எண்ணாயிரத்தில் இரண்டாயிரம் மீதியிருந்தது. அது மீதியன்று, முதலிலிருந்தே ஒதுக்கி வைத்த காசு. பழைய வண்டி வாங்கும் வறியவர் செய்யும் பெரும்பிழை, கையிலுள்ள முழுத்தொகையையும் எஞ்சினிற் போட்டுவிட்டு, உயிர்காக்கும் பொருள்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது. பனிச்சரிவு அடுத்த ஆண்டுவரை பொறுப்பதில்லை.

அந்நகரம் இதை நன்கு அறியும். 1910 ஆம் ஆண்டு பங்குனி 4 ஆம் திகதி, நகருக்குக் கிழக்கேயுள்ள றோஜர்ஸ் கணவாயில், ஒரு சரிவு மூடிய புகையிரதப் பாதையைத் தொழிலாளர் இரவில் வெட்டித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்மலையிலிருந்து இரண்டாவது சரிவு இறங்கி 58 பேரை மூடிக் கொன்றது. அவர்களுள் 32 பேர் கடல் கடந்து பிழைக்க வந்த யப்பானியத் தொழிலாளர். நூறாண்டு கழித்து, 2010 பங்குனி 13 ஆம் திகதி, நகருக்கு அருகே போல்டர் மலையிலே பனிவண்டிக்காரர் திரளாகக் கூடியிருந்தபோது சரிவு இறங்கியது. இருவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். கனடாவின் பனிச்சரிவு எச்சரிக்கை நிறுவனமாகிய அவலான்ச் கனடா தன் தலைமையகத்தை வைத்திருப்பதும் அந்நகரிலேதான். பனிக்காலத்தில் நாள்தோறும் அது வெளியிடும் எதிர்வுகூறலை எவரும் காசின்றிப் பார்க்கலாம். முன்னவர்கள் கூலிக்காக மலையில் நின்றவர்கள். பின்னவர்கள் விருப்பத்துக்காக நின்றவர்கள். பனி இருவகையாரையும் ஒரே பாரத்தோடு மூடியது.

வாங்கிய பொருள்கள் மூன்று. ஒன்று சமிக்ஞைக் கருவி. உடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் இச்சிறு பெட்டி 457 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கும். ஒருவன் புதைந்தால் ஏனையோர் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அத்துடிப்பைப் பின்தொடர்வர். இரண்டாவது துழாவுகோல், மடித்து வைக்கக்கூடிய நீண்ட கோலாகிய இதனாற் பனிக்குள் குத்தி, ஆள் கிடக்கும் இடத்தையும் ஆழத்தையும் அறிவர். மூன்றாவது சவள். பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களிற் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அதன்பின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நம்பிக்கை விரைந்து குறைகிறது. நகரிலிருந்து உதவி வர ஆகும் நேரத்தை நினைத்தால், புதைந்தவனைக் காப்பாற்றக்கூடியவர் அந்நேரத்தில் அவனருகே நிற்கும் தோழர் மட்டுமே. ஆயிரம் டொலருக்கு மேல் விலையான காற்றுப்பையையும் மைத்துனர் விசாரித்தார். பழைய வண்டிகளைப் போல அதிலும் கைமாறியவை விற்பனைக்கு இருந்தன. அவற்றுள் ஒன்றையும் அவர் வாங்கவில்லை. மீதிக் காசை இரண்டு நாட் பனிச்சரிவுப் பயிற்சிக்கென ஒதுக்கினார்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அந்தச் சமிக்ஞைக் கருவியின் இயல்பு. என்னிடம் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும், அருகில் வருகிறவனிடம் ஒன்றும் இல்லையென்றால் நான் புதைந்தபின் அது வீணே துடித்துக்கொண்டிருக்கும். அவனிடம் இருந்தும் அவனுக்குத் தேடத் தெரியாதென்றாலும் அதே கதைதான். மைத்துனர் இதைக் கேட்டறிந்த அன்றிரவே, தம்மோடு மலைக்கு வர விரும்பிய சமையலறைத் தோழர் மூவரையும் அழைத்துப் பேசினார். பாத்திரம் கழுவும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், பஞ்சாபி இளைஞர் ஒருவர், கியூபெக்கிலிருந்து வந்த பெண் ஒருவர். பஞ்சாபி இளைஞரிடம் அப்பொழுது காசு இல்லை. மற்ற மூவரும் பங்கு போட்டு அவருக்கும் ஒரு கருவி வாங்குவதென்றும், சம்பளம் வர வரத் திருப்பிக் கொடுப்பதென்றும் முடிவாயிற்று.

நான் ஊர் திரும்பினேன். வண்டி கோடை முழுவதும் படங்கின் கீழே நின்றது. காற்றுவடிக்குள் எலி கூடு கட்டாமலிருக்கக் கம்பி வலை அடைத்திருப்பதாகவும், பெற்றோலை வடித்துவிட்டதாகவும் ஆனியில் எழுதினார். ஐப்பசியில் அடிப்பட்டைகளையும் பெல்ற்றையும் தாமே மாற்றிப் படம் அனுப்பினார். மார்கழியில் நால்வரும் பயிற்சிக்குப் போய் வந்தனர். அதன் பின் வந்த செவ்வாய்க்கிழமை மலைக்குப் போகவில்லையாம். விடுதியின் பின்னாலே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் உழவு வண்டி ஒதுக்கி வைத்த பனிமேடு இருக்கிறது. கருவியொன்றை வெற்று அரிசிச் சாக்கிற் போட்டு அந்த மேட்டுக்குள் ஒருவர் புதைக்க, மற்றவர் தேடிப் பழகியிருக்கிறார்கள். பாத்திரம் கழுவுகிறவர் நான்கு நிமிடத்தில் தோண்டி எடுத்துவிட்டார். மைத்துனருக்கு ஒன்பது நிமிடம் சென்றது. அடுத்த செவ்வாயும் அதே மேட்டில்தான் என்று எழுதியிருந்தார்.